கால் நனைக்கும் தொட்டி

காலுறையை உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டுத் துவைக்கிறவர்களை நான் உடனே நம்பிவிடுவேன். பெரும்பாலானவர்கள் கழற்றியதை அப்படியே சுருட்டி எறிகிற ரகம். புல் விதை, பூனை முடி, எறும்பு முட்டை எல்லாம் அந்த விரல் பக்கத்து மடிப்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மற்றவர்களின் காலுறையைப் புரட்டிப் பார்த்தே பல வருடம் பிழைத்தவன் நான், அதனால் தெரியும். நீங்கள் தண்ணீர் கொடுத்த இந்தக் குவளையின் விளிம்பில் யாருடையதோ உதட்டுக்கறை இருக்கிறது மேடம். பரவாயில்லை, எனக்குத் தாகம் இல்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், மற்றது தானாகப் புரியும். காலையில் படகில் ஆட்களை ஏற்றி, பறவைச் சரணாலயமாக இருக்கும் தீவுகளைச் சுற்றிக் காட்டி, ஒரு தீவில் இறக்கி, வெளிச்சம் மங்குவதற்குள் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். படகுத் துறைப் பலகையில் கட்டமரன் என்று எழுதியிருக்கும். கட்டுமரத்திலிருந்து போன பெயர்தான் என்றாலும் இதில் மரமும் கிடையாது, கட்டும் கிடையாது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைப் படகு உடல்கள், நடுவில் ஒரு தளம், முன்னால் ஆட்கள் படுத்துக்கொண்டு கடலைப் பார்க்க ஒரு வலை. வெள்ளை என்றால் பால் வெள்ளை. அதை அப்படி வைத்திருந்தது நான்தான்.

வருகிறவர்கள் அதை என்ன செய்வார்கள் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெயிலுக்குப் பூசும் களிம்பை உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு வெள்ளைச் சுவரில் சாய்வார்கள். எழுந்து போனபின் முதுகின் அச்சு எண்ணெய்ப் பிசுக்காக அங்கேயே நிற்கும். பாதி தின்ற முட்டை ரொட்டியை இருக்கையின் இடுக்கில் சொருகுவார்கள். அலை கொஞ்சம் தூக்கினால் போதும், பையை நீட்டுவதற்குள் தளத்திலேயே கக்கிவிடுவார்கள். கக்கிவிட்டு அதே கையால் என் தோளைத் தட்டி "ஸாரி கேப்டன்" என்பார்கள். நான் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே மூச்சை அடக்கி வைத்திருப்பேன். தண்ணீர் போகும் துளையில் அடைத்த முடியை நாள்தோறும் விரலால் உருவி எடுத்தவன் நான். பல ஊர்க்காரர்களின் முடி, பல நிறம், ஒரே கொழகொழப்பு. படகின் சமையல்காரர் எனக்கு வைத்த பெயர் பினாயில். முதலாளி வரைக்கும் அந்தப் பெயர் போய்விட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

தீவுக்கு வருகிறேன். அங்கே இருக்கும் பறவையைப் படகுக்காரர்கள் அப்பாவி என்பார்கள். நல்ல பெரிய பறவை, தரையில்தான் முட்டையிடும். கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது, வெறும் மண். ஆள் கிட்டே போனாலும் எழுந்து பறக்காது, தலையைச் சாய்த்து நம்மைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அந்தத் தீவில் அதைத் தின்ன எதுவும் இருந்ததே இல்லை. அதனால் பயப்பட அதற்குத் தெரியாது. ஆட்கள் இதற்காகத்தான் வருவார்கள். தொடும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிற பறவையைப் பார்த்து வாயைப் பிளப்பார்கள். சிலருக்குக் கண்ணீரே வரும்.

எனக்கு வந்தது குமட்டல். பூசி மெழுகாமல் சொல்கிறேன். பாறை முழுக்க அவற்றின் எச்சம், வெயிலில் காய்ந்து மேலே புது எச்சம், அதன் மேல் ஈ. தாய்ப் பறவை விழுங்கிய மீனைப் பாதி செரித்துக் குஞ்சின் வாய்க்குள் கக்கும். குஞ்சு தன் தலையையே தாயின் தொண்டைக்குள் விட்டுக் குடையும். நாம் கிட்டே போய்விட்டால் குஞ்சு நம் மேலேயே கக்கும், அதுதான் அதற்குத் தெரிந்த ஒரே சண்டை. அந்த நாற்றம் துணியை விட்டுப் போகவே போகாது. கொதிக்கக் கொதிக்கத் துவைத்தாலும் ஈரமானதும் திரும்ப எழுந்து வரும்.

ஆனாலும் தீவின் காவலுக்கு என்னைவிட நல்ல ஆள் கிடைத்திருக்க மாட்டான். ஓர் எலி கரையேறினால் தீவு முடிந்தது. அதனால் துறையில் ஒரு சோதனை அறை இருக்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். தரையும் சுவரும் வெள்ளை, பொந்து கிடையாது, கதவடியில் ரப்பர் பட்டை. தீவுக்குப் போகிற ஒவ்வொரு பையையும் அந்த அறையில் கொட்டி, ஏதாவது ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் திரும்ப அடுக்க விடுவேன். செருப்பின் அடியைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். ஒரு பெரிய அதிகாரியின் கோட்டுப் பையிலிருந்து கடலைத் தோலை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தவன் நான்.

கடைசியாக ஒரு தொட்டி. மூடி போட்ட நீலத் தொட்டி. மருந்து கலந்த தண்ணீரை அதில் துறையிலேயே ஊற்றிக் கொண்டுபோவேன். தீவை நெருங்கியதும் படகை நங்கூரத்தில் நிறுத்திவிட்டு, முதலில் நான் மட்டும் சின்ன ரப்பர் படகில் கரைக்குப் போய்த் தொட்டியை மணலில் வைத்துத் திறப்பேன். அப்புறம் ஆட்களைக் கூட்டி வருவேன். ஒவ்வொருவரும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் தீவை மிதிக்கலாம். எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்த எனக்கும் சரி, எனக்கு மேலே இருந்தவர்களுக்கும் சரி, அந்தத் தொட்டியை ஒரு தரம் கொட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை. அதைத்தான் உங்கள் விதிமுறையில் இனி சேர்க்கச் சொல்கிறேன்.

என் தங்கச்சிதான் அந்தத் தீவின் காவலர். அது உங்களுக்குத் தெரியும். அவளை வளர்த்தது நான் என்பது உங்கள் காகிதத்தில் இருக்காது.

அப்பா அம்மா போனபோது அவளுக்குத் தானாகத் தலை வாரத் தெரியாது. நான்தான் பேன் பார்த்தேன், நகம் வெட்டினேன், காது மடலின் பின்பக்கம் வரைக்கும் தேய்த்துக் குளிப்பாட்டினேன். பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் அவளைப்போலச் சுத்தமான பிள்ளை கிடையாது என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். ஒரே ஒரு குறை, கண்டதையும் தூக்கிக்கொண்டு வருவாள். சிறகொடிந்த காக்கா, சொறி பிடித்த நாய்க்குட்டி. அவள் தூங்கியதும் நான் அதற்கு ஒரு வழி செய்துவிடுவேன். காலையில் "ஓடிப்போச்சு பாப்பா" என்பேன். நம்பிவிடுவாள்.

கல்யாணம் வேண்டாம், பறவை படிக்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சரி என்றேன். தீவில் வேலை கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன்கூட, என் படகு போகிற தீவுதானே என்று. அவளுக்கு வேண்டிய அரிசி பருப்பெல்லாம் மூடி வாளியில் நானே கொண்டுபோய் இறக்குவேன். விடுமுறை முடிந்து திரும்பும்போது மட்டும் அவளே வாளிகளை நிரப்பி அடைத்து எடுத்துப்போவாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாள். வாசலிலேயே அந்த நாற்றம் மூக்கைத் துளைக்கும். நேராகக் குளியலறைக்கு அனுப்பிவிட்டு, அவள் துணிகளைக் குச்சியால் தூக்கி வாளியில் போடுவேன். சிரிப்பாள். "என்னையும் ஊறப்போட்டுடுவியாண்ணா?" என்பாள். அவள் போனபிறகு தலையணையை வெயிலில் போடுவேன், உறையைக் கொதிக்க வைப்பேன். அவள் வர வர எனக்கு அது பழகியிருக்க வேண்டும், பழகவில்லை.

போன பருவத்தின் தொடக்கத்தில் ஒரு நாள். ஆட்கள் பாறைப் பக்கம் போயிருந்தார்கள். நான் அவளுடைய குடிசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு குஞ்சைக் கால் வளையம் மாட்டுவதற்காக மடியில் வைத்திருந்தாள். அது அவள் மடியிலேயே கக்கியது. சாம்பல் நிறத்தில், செதிலோடு, வழவழவென்று. அவள் முகம்கூடச் சுளிக்கவில்லை. "பயந்துட்டியா கண்ணு" என்று அதைக் கொஞ்சினாள். இறக்கி விட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அதே கையால் ரொட்டியைப் பிய்த்துப் பாதியை என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன். அவள் நகத்தின் இடுக்கில் ஒரு செதில் இருந்தது. நான் வெட்டி வளர்த்த நகம்.

"அண்ணா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என்னை இங்கயே நிரந்தரமா போட்டுட்டாங்க. இனிமே லீவுக்கெல்லாம் வர மாட்டேன். வந்தா மனசெல்லாம் இங்கயே கிடக்குது."

"அப்ப வீடு?"

"இதுதாண்ணா வீடு. நீதான் வாராவாரம் வர்றியே."

ரொட்டியைத் திரும்பும் வழியில் கடலில் போட்டேன். கையை மருந்துத் தொட்டியில் முக்கி வைத்திருந்தேன், தோல் எரியும் வரைக்கும். கோபம் என்று நினைக்க வேண்டாம். ஒரு குழந்தை சாக்கடையில் விழுந்து கிடந்து, எழுந்து வர மாட்டேன் என்று சொன்னால் வளர்த்தவனுக்கு என்ன தோன்றுமோ, அதுதான். அவளை அங்கேயிருந்து கிளப்ப வேண்டும், அவ்வளவுதான் யோசித்தேன். பேசிப் பார்த்திருக்கலாமே என்பீர்கள். சொன்னதைக் காதில் போட்டுக்கொள்கிற பிள்ளை இல்லை அவள். அந்தப் பறவைகள் இருக்கும்வரை அவள் வர மாட்டாள். பறவைகளைப் போகச் செய்வது எப்படி என்று அந்தத் துறையிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். வேண்டாம் என்று நாள்தோறும் தடுத்ததை, ஒருநாள் தடுக்காமல் விட வேண்டும்.

துறையில் கயிறு போட்டு வைக்கும் கொட்டகையில் எலிகள் உண்டு. பொறி வைத்துப் பிடித்தேன். ஓர் ஆண், இரண்டு பெண். ஒன்று சினையாக இருந்தது. எலியை நினைத்து முகம் சுளிக்காதீர்கள் மேடம். உட்கார்ந்து கவனித்தவன் சொல்கிறேன், எலி ஓயாமல் தன் உடம்பை நக்கித் துடைத்துக்கொண்டே இருக்கும். மீசையைக்கூட விடாது. தீவில் இருந்த எந்தப் பறவையைவிடவும் அது சுத்தமான பிராணி. கையுறை போட்டுக்கொண்டுதான் தொட்டேன்.

அன்றைக்குத் தொட்டியில் மருந்து ஊற்றவில்லை. உலர்ந்த தொட்டியில் ஒரு துண்டை விரித்து, அவற்றை விட்டு, மூச்சுக்கு மூடியில் ஒரு நூலிழை இடம் விட்டு அடைத்தேன். சோதனை அறையில் வழக்கம்போல எல்லோருடைய பையையும் கொட்டினேன். ஒரு பெண்மணியின் சீப்பிலிருந்து புல் விதை ஒன்றை எடுத்தேன், அவர் வெட்கப்பட்டார். தீவை அடைந்ததும் வழக்கம்போல முதலில் நான் மட்டும் கரைக்குப் போனேன். பாறைக்குப் பின்னால் புதர் ஓரமாகத் தொட்டியைச் சாய்த்தேன். முதலில் அவை வெளியே வரவில்லை. தொட்டியைத் தட்ட வேண்டியிருந்தது. போனபிறகு தொட்டியைக் கடல்நீரில் கழுவி, மணல் போட்டுத் தேய்த்து, கடல்நீரையே நிரப்பி இடத்தில் வைத்தேன். ஆட்கள் வந்து வரிசையாகக் காலை நனைத்தார்கள்.

தங்கச்சி வரவேற்க வந்தாள். தொட்டிப் பக்கம் நின்று மூக்கை உறிஞ்சினாள்.

"என்னண்ணா, மருந்து வாடையே வரலையே?"

"வர்ற வழியில சிந்திடுச்சு பாப்பா. கடல் தண்ணி ஊத்தி வச்சிருக்கேன்."

"பினாயிலே மருந்தைச் சிந்திட்டாரா? ஊரே சிரிக்கப்போகுது" என்று சிரித்தாள். குடிசையிலிருந்து தன்னிடம் இருந்த மருந்தைக் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றினாள். நல்ல காவலர்தான் அவள், அதை மறுக்க மாட்டேன்.

பிறகு வெகுநாள் ஒன்றும் தெரியவில்லை. நானே மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஒருநாள் அவள் கையில் ஒரு முட்டை ஓட்டோடு கரையில் நின்றாள். ஓட்டின் ஓரம் கொறித்திருந்தது. அதை என் கையில் வைத்தாள். அடுத்தடுத்த வாரங்களில் குஞ்சுகள். அதை விளக்க எனக்கு விருப்பம் இல்லை, கேட்டதால் சொல்கிறேன். எலி வந்து குஞ்சின் முதுகைக் கடிக்கும். குஞ்சு கக்கிப் பார்க்கும். எலி அதையும் தின்றுவிட்டு மறுபடி முதுகுக்கு வரும். தாய் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கும், நம்மைப் பார்ப்பதுபோலவே. எலி என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சாக ஒரு நாளைக்கு மேலேயே ஆகும். தங்கச்சி தடியை வைத்துக்கொண்டு கூடு கூடாக ஓடினாள் என்று கேள்விப்பட்டேன். அந்த நாற்றத்திலேயே படுத்துக்கிடந்தாளாம்.

பயணங்களை நிறுத்தினார்கள். விசாரணை வந்தது. எலி எப்படி வந்திருக்கும் என்று உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி என்னைக் கேட்டார். என் மேல் யாருக்கும் சந்தேகம் இல்லை. பினாயில் ஆயிற்றே. நான் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, "லீவு முடிஞ்சு போறப்ப வாளி மூடியைச் சில நேரம் சரியா அடைக்க மாட்டா, சின்னப் பிள்ளை" என்றேன். அவளிடம் கேட்டபோது அவளும் அதையே சொன்னாளாம். என் வாளியில்தான் வந்திருக்க வேண்டும், அண்ணன் சோதித்து அனுப்பியதில் குற்றம் இருக்காது, சோதித்தபிறகு துறையில் மூடியை அடைக்காமல் விட்டது நான்தான் என்று அழுதாளாம். நான் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவளாகத்தான் சொன்னாள். வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

என் படகில்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அவள் துணிகளில் பாதியை எரித்தேன், மீதியைத் துவைத்தேன். சுடுதண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வெளியே வந்தபோது சோப்பு வாசனை வந்தது, சின்ன வயதில் வந்த அதே வாசனை. சாப்பாடு போட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம், அன்றைக்கு நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் விட்டேன். பழக்கதோஷம், கண்டதைத் தூக்கிக்கொண்டு வருவாளே. இந்தத் தடவை சட்டைக்குள் ஒரு குஞ்சை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். முதுகில் காயம், அவளே மருந்து போட்டிருந்தாள். குளியலறையில் ஒரு பெட்டியில் வைத்தாள். மீனை அரைத்துத் தன் விரலால் அதன் தொண்டைக்குள் தள்ளுவாள். என் குளியலறையில். சுவரில் கக்கல், சோப்புப் பெட்டியில் பஞ்சு மாதிரி இறகு. அது ஒன்றுதான் அந்தக் கூட்டத்தில் மிச்சம், அது பிழைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்றாள். வந்ததிலிருந்து அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். நான் பொறுத்தேன். பல நாள் பொறுத்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மீன் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் அதைக் கொல்ல நினைக்கவில்லை. சுத்தம் செய்யத்தான் நினைத்தேன். வாளியில் சுடுதண்ணீர், சோப்பு, கடைசியாகத் தொட்டியில் ஊற்றும் அதே மருந்து கொஞ்சம். கக்கியது, துடைத்தேன். இறகின் பிசுக்கு போகிறவரை தேய்த்தேன். அந்தப் பிசுக்குதான் அதற்குக் கம்பளி என்று தங்கச்சி அப்புறம்தான் சொன்னாள். வெள்ளைத் துண்டில் படுக்க வைத்தேன். நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. பார்க்க அழகாக இருந்தது. முதல்முறையாக அந்த இனத்தில் ஒன்றை என்னால் கையால் தொட முடிந்தது.

அவள் வந்து துண்டின் பக்கத்தில் மண்டியிட்டாள். குஞ்சைக் கையில் எடுத்து முகத்தருகே கொண்டுபோனாள். மூக்கை உறிஞ்சினாள், அன்றைக்குக் கரையில் தொட்டிப் பக்கம் நின்று உறிஞ்சியதுபோல.

"அன்னிக்கு இந்த வாடை வரலைல்ல?" என்றாள்.

நான் துண்டின் மடங்கிய ஓரத்தை நேராக இழுத்து விட்டேன்.

"நீ ஒரு நாளும் சிந்த மாட்டியேண்ணா." குரலை உயர்த்தவே இல்லை. "தொட்டியில என்ன கொண்டுவந்த?"

அவளிடம் நான் பொய் சொல்வதில்லை. சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே, ஒன்றும் விடாமல், அவளுக்காகத்தான் என்பதையும் சேர்த்து. அந்தக் காக்கா, நாய்க்குட்டி எல்லாம் எங்கே போயின என்று கேட்டாள். அதையும் சொன்னேன். எழுந்து குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். எச்சமும் கக்கலும் பட்டபோதெல்லாம் பாவாடையில் துடைத்துக்கொண்டவள், முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். எனக்கு மனசு குளிர்ந்தது. குஞ்சைத் துண்டோடு எடுத்துக்கொண்டு வெளியே போனாள். உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆமாம், எலியைக் கொண்டுபோய் விட்டது நான். தெரிந்தே விட்டேன். வாளி மூடியில் தப்பில்லை, அவள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்து போட வேண்டும் என்று காட்டுங்கள், பேனாவை மட்டும் ஒருமுறை துடைத்துக் கொடுங்கள்.

எலி ஒழிக்கிற குழுவோடு அவள் மறுபடி தீவுக்கே போய்விட்டாள் என்கிறீர்கள். வருடக்கணக்காகும், என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். கோபத்தில் எழுதியிருப்பாள், சின்னப் பிள்ளை. அவளுடைய அறையைத் துடைத்து, விரிப்பு மாற்றி வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். அவளிடம் இதை மட்டும் சொல்லிவிடுங்கள் மேடம். எப்போது வந்தாலும் நேராகக் குளியலறைக்குப் போகட்டும், அண்ணன் சுடுதண்ணீர் போட்டு வைத்திருப்பேன்.